பாதி விலை மிஷின்கள்

"இதுவும் புகைஞ்சு போச்சு, மாலாக்கி."

தெலேசியா அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்தார். இந்த முறை மிக்சி. இதற்கு முன் இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி, டோஸ்டர், ரைஸ் குக்கர். எல்லாம் பக்கத்து அமெரிக்க சமோவாவின் பாங்கோ பாங்கோவிலிருந்து கப்பலில் வந்த பாதி விலைச் சரக்கு.

மாலாக்கி கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார். சமோவாவின் அப்பியா நகரில் ரேடியோ முதல் ஃபிரிட்ஜ் வரை எதையும் ஐந்தே நிமிடத்தில் பிரித்துப் போட்டுவிடுவார். திரும்பச் சேர்ப்பதற்குத்தான் நாளாகும். மின்சாரத்தைத் தானே பெற்று வளர்த்ததுபோலப் பேசுவார்.

"எத்தனை தடவை சொல்றது? அந்தக் கரையில அமெரிக்கா கரண்ட், நூத்திப்பத்து. நம்ம கரையில இருநூத்தி முப்பது. ஒரே பாஷை, ஒரே பைபிள், சொந்தக்காரங்களும் ஒண்ணுதான். கரண்ட் மட்டும் வேற. சின்னத் தென்னங்கன்னு மேல ஆத்து வெள்ளத்தைத் திருப்பி விட்டா என்ன ஆகும்?"

"சீக்கிரம் காய்க்குமோ?"

"வேரோட போயிடும்."

"அப்படியா" என்று தெலேசியா வாய்மேல் கைவைத்துக் கேட்டுக்கொண்டார்.

மூலையில் பாய் முடைந்துகொண்டிருந்த லூபே நிமிர்ந்து பார்த்தார். மாலாக்கியின் அக்கா. அக்கா பக்கத்தில் இருக்கும்போது ஒரு சமோவாத் தம்பி, அறுபது வயதானாலும், ஒரு பெண்ணிடம் வோல்ட்டைத் தவிர வேறெதுவும் பேச முடியாது. தம்பி மனைவி இறந்து இந்த நாலு வருஷத்தில், கடை திறந்திருக்கிற நேரத்தில் லூபே அந்த மூலையைவிட்டு எழுந்ததில்லை.

"பழைய நாலும் என்னாச்சு?" என்றார் தெலேசியா.

"பார்ட் வரணும்."

"போன கப்பலுக்கும் இதையேதான் சொன்னீங்க."

"கப்பல் வந்துச்சு. பார்ட் வரல."

தெலேசியா பெட்டியின் கயிற்றை விரலால் நெருடினார். "வெள்ளிக்கிழமை ஆக்லாந்து கிளம்புறீங்களாமே. ஒரேயடியா. சர்ச்சுல பேசிக்கிட்டாங்க."

"பையன் டிக்கெட் அனுப்பிட்டான். துணிமணியெல்லாம் எடுத்து வச்சாச்சு" என்று லூபே முந்திக்கொண்டார்.

"அப்ப என் மிஷினெல்லாம்?"

மாலாக்கி தொண்டையைச் செருமினார். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நிற்கும் தலைவர்களின் தோரணை அவருக்கு வந்துவிட்டது. "அஞ்சு ரிப்பேரை அப்படியே போட்டுட்டு ஓடுறவன் மெக்கானிக் இல்ல. ஆக்லாந்து எங்கயும் போயிடாது. நீங்க வியாழக்கிழமை வந்து பாருங்க."

"இந்த வியாழனா?"

"எல்லா வியாழனும்தான்."

தெலேசியா தான் கொண்டுவந்த தேங்காய்ப்பால் பன்களை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். குடையை விரித்து நாலு கடை தாண்டிய பிறகுதான் மழையே இல்லை என்பதைக் கவனித்தார்.

லூபே பாயைத் தள்ளி வைத்தார்.

"புத்தி இருக்காடா உனக்கு? அவ யாருன்னு நினைச்ச? பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் டீச்சர். உன் பையனுக்கே கரண்ட் பாடம் நடத்தினவ. அவளுக்கு நூத்திப்பத்து தெரியாதாம், நீ தென்னங்கன்னு கதை சொல்றியாம். உன்னை வச்சு விளையாடிட்டுப் போறா. அதுக்காகப் பெத்த புள்ள அனுப்பின டிக்கெட்டை விடுவியா?"

மாலாக்கி மேசைக்கடியில் கிடந்த நாலு பெட்டிகளையும் இழுத்தார். இன்னும் பிரிக்காத ஐந்தாவதின் கயிற்றையும் அறுத்தார். ஒவ்வொன்றின் வயரையும் வெளியே எடுத்து அக்காவின் முன்னால் வரிசையாகப் போட்டார்.

ஐந்து பிளக்கின் முனையிலும், கம்பெனியில் மாட்டி அனுப்பிய பிளாஸ்டிக் உறை கழற்றப்படாமல் அப்படியே இருந்தது.

"முதல் மிஷின்லயே பார்த்துட்டேன்க்கா" என்றார் மாலாக்கி.