ஒரு சொட்டு ஒழுகாது

ஓட்டை விழுந்த பாய்மரப் படகு ஒன்றை வாங்கி வந்து, ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலில் போட்டு, ஒரு வருஷமாகப் பழுதுபார்த்தார் கோவிந்தராஜ்.

"இத எப்பதான் வித்துத் தொலைப்பீங்க?" என்று தினமும் திட்டுவாள் மனைவி பஞ்சவர்ணம்.

ஒருவழியாக இன்று பழவேற்காட்டிலிருந்து சுலைமான் வாங்க வந்திருந்தார்.

"ஒழுகாதுல்ல அண்ணாத்தே?"

"ஒரு சொட்டு ஒழுகாது பாய்."

"அப்ப இப்பவே ஏத்திகினு போறேன்."

பஞ்சவர்ணம் ஓடிவந்து படகை மறைத்துக்கொண்டு நின்றாள். "மழை வர்ற வரைக்கும் தர மாட்டோம்."

"இன்னாம்மா, வெயில் காலத்துலதானே படகு வேணும்?"

கோவிந்தராஜ் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு படகை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கினார். உள்ளே விளிம்பு வரைக்கும், முந்தாநாள் குடிநீர் லாரி வந்தபோது பிடித்துவைத்த தண்ணீர்.

"ஐப்பசியில வாங்க பாய். அதுவரைக்கும் இது அவளோட படகு."