பாஷை தெரியாத துரைசாணி

"நீ வெளியே இரு, ஜெயமேரி."

துரைசாணி இங்கிலீஷில் இப்படிச் சொன்னதும் ஜெயமேரிக்குச் சுருக்கென்றது.

பின்னே இருக்காதா? நாகல் நகர் ஜெபக் கொட்டகையில் துரைசாணிக்கு வாயும் காதும் அவள்தான். டென்மார்க்கிலிருந்து வந்த அந்த இங்கிரிட் அம்மாவுக்குத் தமிழில் 'ஸ்தோத்திரம்' என்பதைத் தவிர வேறொன்றும் வராது. அவர் பிரசங்கம் பண்ணினால் ஜெயமேரி தமிழில் சொல்லுவாள். பேய் பிடித்தவர்களும் மனசு விட்டுப்போனவர்களும் வந்து அழுதால் அதை இங்கிலீஷில் சொல்லுவாள். அப்படியே கடைத்தெருவிலும் நாலு பேரிடம் சொல்லுவாள். அது அவள் சுபாவம்.

இன்றைக்கு வந்திருந்தவள் கன்னிவாடி ஒச்சம்மாள். நாலைந்து மாதமாகச் சோறு இறங்கவில்லை, பேச்சில்லை. திடீர் திடீரென்று வீறிட்டுக் கத்துகிறாள். பேயோட்டுகிற கோடாங்கி அடித்த சாட்டைக் காயம் கையில் இன்னும் ஆறவில்லை.

மாமியார் மூக்காயி முடிவோடுதான் வந்திருந்தாள்.

"இன்னைக்கும் பேய் எறங்கலைன்னா இவள இவ ஆத்தா வீட்ல விட்டுப்புட்டு, எம் மகனுக்கு வேற பொண்ணு பாத்துருவேன், ஆமா!"

மகன் வேலுசாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"நான் இல்லாவிட்டால் அவள் பேசுவது உங்களுக்கு எப்படிப் புரியும்?" என்று ஜெயமேரி இங்கிலீஷில் கேட்டுப் பார்த்தாள். துரைசாணி சிரித்துக்கொண்டே ஒச்சம்மாளை உள்ளே அழைத்துப் போய்த் தட்டிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜெயமேரி கதவுக்கு முன்னாலேயே நின்று வாய்விட்டுச் சொன்னாள்.

"வெள்ளைப் பூசணிக்கு வந்த கொழுப்பப் பாத்தீகளா? இதுகிட்டப் பேசுறதும் மாட்டுகிட்டப் பேசுறதும் ஒண்ணுதான்!"

உள்ளே கேட்டால்தான் என்ன, புரியவா போகிறது?

உள்ளேயிருந்து ஒச்சம்மாள் குரல், முணுமுணுப்பாக. ஜெயமேரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பிறகு ஓர் அழுகை.

"பேய் ஆடுது," என்றாள் மூக்காயி.

கதவு திறந்தபோது ஒச்சம்மாளின் முகம் வீங்கியிருந்தது. கண் மட்டும் தெளிந்திருந்தது.

"பசிக்குதுக்கா," என்றாள்.

ஜெயமேரி அவளைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய் இட்லியை வைத்துவிட்டு மெல்லக் கிண்டினாள்.

"அம்புட்டு நேரம் என்னத்தச் சொன்ன? அந்தம்மாவுக்குத்தான் ஒண்ணும் வெளங்காதே?"

"வெளங்காதுன்னுதான்க்கா சொன்னேன். வெளங்குற ஆளுகிட்ட எப்படிச் சொல்ல? எங்க வீட்டு மானம் போயிருமே. பாவம், என்ன ஏதுன்னு தெரியாமயே அந்தம்மாவும் என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு."

அதற்குள் துரைசாணி ஜெயமேரியைக் கூப்பிட்டார். தாயையும் மகனையும் உட்கார வைத்து இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, ஜெயமேரி தமிழாக்கினாள்.

"இந்தப் பேய் அழுதாத்தான் போகுமாம். வீட்டுக்குப் போனதும் அவ சத்தம் போட்டு அழணும், எத்தன நாளானாலும். புருஷன் பக்கத்துலயே உக்காந்திருக்கணும். யாராச்சும் 'அழாத'ன்னு அவ வாய அடச்சா..." ஜெயமேரிக்கே ஒரு மாதிரியாக இருந்தது. இது எந்த வேதத்தில் இருக்கிறது? "அடுத்து அவுகளுக்குத்தான் ஜெபம் பண்ண வேண்டியிருக்குமாம்."

மூக்காயி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

உடைந்துபோனவன் வேலுசாமிதான்.

"தாயி! இது எப்படி ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சு? எந் தம்பி கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊனின அன்னைக்கு எங்க பச்சப்புள்ள காச்சல்ல போயிருச்சு. பந்தக்கால் ஊனின வீட்ல அழுகச் சத்தம் ஆகாதுன்னு, யாருக்கும் தெரியாம வெங்காயக் காட்டோரமாப் பொதச்சோம். இவ தலை நெறயப் பூ வச்சு, ஆரத்தி எடுக்க நிப்பாட்டுனோம். அவளும் அழுகல, நானும் அழுகல தாயி..."

கொட்டகையில் இருந்த அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதான். மூக்காயி பொத்திய கையை எடுக்கவேயில்லை. அந்தக் கையின் மீதும் கண்ணீர் வழிந்தது. ஊருக்குத் திரும்பும்போது மருமகளை வண்டியில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் டீ கொண்டு போன ஜெயமேரிக்கு ஆவல் தாங்கவில்லை. "கர்த்தர் தரிசனம் காட்டினாரா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். துரைசாணி வழக்கம்போலச் சிரித்தார்.

ஜெயமேரியும் வழக்கம்போல அவர் முகத்துக்கு நேராகவே தமிழில் முணுமுணுத்தாள்.

"நல்லாப் பல்லக் காட்டு. வந்து ரெண்டு வருசமாச்சு, தண்ணிக்கும் வெந்நிக்கும் வித்தியாசம் தெரியல. இதுக்கு எப்படித்தான் தெரிஞ்சுச்சோ!"

துரைசாணி கோப்பையைக் கீழே வைத்தார்.

"இங்கை வர முன்னம் நான் யாழ்ப்பாணத்திலை ஏழு வருசம் இருந்தனான்," என்றார். தமிழில்!

வெள்ளைப் பூசணி, மாடு என்று ரெண்டு வருஷமாகச் சொன்னதெல்லாம் ஜெயமேரிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு நாள்கூட அந்த முகம் சுளித்ததில்லையே!

"அம்மா... என்னைய மன்னிச்சு..."

துரைசாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை விடு. எனக்குத் தமிழ் தெரியுமெண்டு மட்டும் ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை, ஜெயமேரி. பிறகு இந்தப் பொம்பிளையள் ஆரிட்டைப் போய் அழுவினம்?"