அவளுக்கும் அதே

பிரியாணியில் உப்புத் தூக்கல் என்று சொல்லி, மூன்றாவது முறையாகத் தட்டைத் தள்ளிவிட்டார் சின்னசாமி.

பரிமாறுகிற பெண் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த இளவரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் சோறு வேகவில்லை என்றார். அப்புறம் கறி சவ்வாக இருக்கிறது என்றார். இப்போது உப்பாம். கட்டிய புருஷனாக இல்லாவிட்டால் அந்தத் தட்டை வாங்கி அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பாள்.

சேலத்தில் இல்லாத ஓட்டலா? தடுக்கி விழுந்தால் பிரியாணிக் கடை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனிதருக்கு ஏற்காடு ஏறியாக வேண்டும். அடிவாரத்திலேயே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கொண்டை ஊசி வளைவில் எவனாவது நடுரோட்டில் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருப்பான். எதுவும் அவரை அசைக்காது. ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஓட்டல்தான். அதிலும் சமையற்கட்டுக் கதவை ஒட்டிய இந்த மேசைதான். ஜன்னலோரம் இடம் காலியாகவே கிடந்தாலும், வேண்டாம் என்று இதற்காகக் காத்து நிற்பார்.

சரி, வந்ததுதான் வந்தோம், கட்டியவளை ஒரு வார்த்தை கேட்பாரா?

கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்த ஓட்டலிலும் இளவரசி வாய் திறந்ததில்லை. அவர் தனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு, இவள் பக்கம் கட்டைவிரலைக் காட்டி, அவளுக்கும் அதே என்பார். ஆம்பளை கூட இருக்கும்போது பொம்பளை ஆர்டர் சொல்வது அவர்கள் சொந்தத்தில் வழக்கம் இல்லை. மாமியாரும் அப்படித்தான் தின்றாள். இவள் அம்மாவும் அப்படித்தான் தின்றாள்.

இன்றைக்கு அடிவாரம் தாண்டும்போதே முடிவு செய்திருந்தாள். என் வாயால் நானே சொல்வேன். என்ன ஆனாலும் சரி.

எங்கே விட்டார்? உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்வதற்குள் மட்டன் பிரியாணி, அவளுக்கும் அதே. தொண்டை வரை வந்ததை அப்படியே முழுங்கிக்கொண்டாள்.

அந்தப் பெண் மாற்றுத் தட்டோடு வந்தாள். ஆவி பறக்கிற தட்டைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்திருந்தாள். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டாள். தட்டை வைத்த கையோடு எச்சிலை விழுங்கினாள். உதடு வெளுத்திருந்தது.

இளவரசிக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு இதுகூடவா தெரியாது? மசக்கை. கறி வாசனையே ஆகாத வயிற்றோடு நிற்கிறவளைத்தான் இந்த மனிதர் கறித்தட்டும் கையுமாக அலைய விடுகிறார். ஆம்பளைக் கண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது.

சின்னசாமி ஒரு வாய் எடுத்து வைத்தார். சூடு பத்தாது என்றார்.

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டல் சூப்பர்வைசர் லோகேஷ் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டான். வேண்டுமானால் பரிமாற வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னான்.

"ஆளெல்லாம் மாத்த வேண்டாங்க. இந்தப் பொண்ணே கொண்டாரட்டும்."

இப்படியும் ஒரு மனுஷனா என்று யாரோ சத்தமாகவே முணுமுணுத்தார்கள். அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, தட்டை விளிம்புக்குத் தள்ளினார்.

அந்தப் பெண் மறுபடியும் கை நீட்டினாள்.

இளவரசி எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அடக்கி வைத்த வாய், திறந்தபோது கத்தத்தான் போகிறது என்று அவளே நினைத்தாள். ஆனால் குரல் இறங்கித்தான் வந்தது.

"எனக்கு ஒண்ணும் வேண்டாங் கண்ணு. உனக்கு எது தின்னா வயித்துல தங்குதுன்னு சொல்லு. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் ஆக்கிக் கொண்டாறேன்."

சின்னசாமி வெடுக்கென்று நிமிர்ந்தார். சத்தியம் என்னாச்சு என்று பல்லைக் கடித்தார்.

சத்தியமாம். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் கிங்ஸ்டனைக் கட்டிக்கொண்டு மகள் திவ்யா மலையேறிய அன்று, சொந்தபந்தம் கூடி நிற்க, இனிச் செத்தாலும் அவளோடு பேச்சில்லை என்று சூடம் அணைத்தவர் அவர். பெண்டாட்டி கையையும் பிடித்து இழுத்து அணைக்க வைத்தவர். அப்புறம் மனசு கேட்கவில்லை. உப்புச் சரியில்லை, சூடு பத்தாது என்பதெல்லாம் ஓட்டலில் சொல்வது, அது பேச்சில் சேராது என்று தனக்குத் தோதாக ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிறுதோறும் வந்து, குறை சொல்லிச் சொல்லியே மகளிடம் ஆசை தீரப் பேசிவிட்டுப் போகிறார். இவள் மட்டும் பெற்ற பிள்ளைக்கு எதிரே ஊமையாக உட்கார்ந்து பிரியாணி தின்ன வேண்டும்.

சத்தியத்தைத் தூக்கி ஏரியில் போடுங்கள் என்றாள் இளவரசி. வாயை மூடிக்கொண்டு அந்தத் தட்டைத் தின்னுங்கள், இனி ஒரு தடவை இவளை நடக்க விட்டால் பாருங்கள் என்றாள். ஓட்டல் முழுக்கக் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

சின்னசாமி மகளின் வெளுத்த முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு தட்டை இழுத்து வைத்தார்.

திவ்யா அம்மாவின் கையை விடவில்லை. லோகேஷ் பார்த்துக்கொண்டு நின்றதையும் அவள் சட்டை செய்யவில்லை.

"அரிசிம்பருப்புச் சோறும்மா" என்றாள்.