ஆட்டுக்கொட்டகைக்குப் போன வயர்

கையில் பாராங் கத்தியோடு ரம்புத்தான் மரத்தடியில் நின்று, தலைக்கு மேலே போகும் டெலிபோன் வயரை முறைத்துக்கொண்டிருந்தாள் வேலாயி. வீட்டு ஜன்னலில் கிளம்பி, மரக்கிளையில் ஒரு சுற்றுச் சுற்றி, தோட்டத்து மூலையில் இருந்த பழைய ஆட்டுக்கொட்டகைக்குள் போய் நுழைகிறது அந்த வயர்.

கொட்டகைக் கதவு படாரென்று திறந்தது. மருமகள் மோகனா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஓ, வெட்டுறது நீங்கதானா?”

“வாழையெல வெட்ட வந்தேன்டி. ஒன் வயர வெட்டி நான் என்ன கொழம்பா வைக்கப் போறேன்?”

“அப்ப தெனம் டீ நேரத்துல மட்டும் லைன் எப்படிப் போவுது? பேய் வந்து புடுங்குதா?”

“கொட்டாயில ஆடு இருந்தப்பக்கூட இவ்வளவு சத்தம் இல்லம்மா!”

மலாக்கா பக்கத்துப் பெம்பான் ஊரில் இன்டர்நெட் என்ற பேரே புதுசாக இருந்த காலம் அது. கோலாலம்பூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்து, டெலிபோன் லைன் வழியாக அனுப்பும் வேலை மோகனாவுக்கு. முதலில் கம்ப்யூட்டர் வீட்டுக்குள்தான் இருந்தது. டக்கு டக்கென்ற சத்தத்தில் தலை வலிக்கிறது என்று மாமியார் ஏசிய ஏச்சில், ஆடுகளை விற்றபின் காலியாகக் கிடந்த கொட்டகையே மோகனாவுக்கு ஆபீஸ் ஆனது. வேலாயிக்கு அதில் பரம திருப்தி.

மோகனாவின் கணவன் சேகரன் வயரை மாற்றிப் பார்த்தான். அணில் கடிக்கிறதோ என்று குழாய்க்குள் விட்டுப் பார்த்தான். கடைசியில் ரிப்பேர்க்காரப் பையனைக் கூட்டி வந்தான்.

“வயர் ஓகே லா, அண்ணே. வீட்டுல யாரோ ரிசீவரத் தூக்குறாங்க. தூக்கினா அங்க லைன் கட் ஆயிரும்.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தைவிட மோகனாதான் அதிகம் கொதித்தாள்.

“யாருன்னு எனக்குத் தெரியும். இது நிக்கலன்னா நான் மலாக்கா டவுன்ல வீடு பாத்துட்டுப் போயிருவேன். நீங்க வந்தா வாங்க, இல்லன்னா ஒங்க அம்மாகூடவே இருங்க!”

“கம்பெனி வேலையெல்லாம் மத்தியானமே அனுப்பிடுறல்ல? டீ நேரத்துல லைன் போனா என்ன குடி முழுகுது?” என்றான் சேகரன்.

“ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இருங்க!”

“அப்பா, பேசாம இன்னொரு லைன் போட்டுரலாம்பா” என்று அவன் இறங்கி வந்தான்.

மாமனார் தம்புசாமி தட்டைத் தள்ளிவிட்டார். “இன்னொண்ணா? அந்த ஓடுகாலி அடிச்ச அன்னிக்கே இருக்கிறதையும் புடுங்கிப் போட்டிருக்கணும்!”

ஓடுகாலி என்றால் அவர் மகள் தேவமலர். கூட வேலை செய்த சீனப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பினாங்குக்குப் போய்விட்டாள். போனபின் ஒரே ஒரு தடவை போன் அடித்தாள். எடுத்தவர் தம்புசாமி. எனக்கு மகளே கிடையாது என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு ரிசீவரை வைத்தார்.

“செத்தவ பேச்சு இப்ப எதுக்கு?” என்று வேலாயி சம்பால் கிண்ணத்தை நங்கென்று வைத்தாள். மோகனா மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள். பெற்ற மகளையே செத்தவள் என்கிறவளிடம் மருமகள் என்ன எதிர்பார்க்க முடியும்?

மறுநாள் சாயங்காலம் தம்புசாமி வழக்கம்போல் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். மோகனா கம்ப்யூட்டரை லைனில் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, பின்கட்டுக் குசினிக் கதவு வழியாகப் பூனைபோல் உள்ளே வந்தாள்.

அவள் நினைத்தது சரி. வேலாயி முன்கூடத்தில் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தாள். உள்ளே கீச்சென்று ஏதோ கத்தியது. அது அடங்கியதும் ரிசீவரைப் பதமாகத் திரும்ப வைத்தாள்.

“மாட்டுனீங்களா!” என்று பாய்ந்தாள் மோகனா. “நல்லா இருப்பீங்களா நீங்க? ஒங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?”

வேலாயி பதிலுக்கு ஏசுவாள் என்றுதான் அவள் காத்திருந்தாள். வேலாயியோ நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“போ. லைன விடு. கொஞ்ச நேரந்தானே கேக்குறேன்.”

“ஒங்களுக்கு யாரு அடிக்கப் போறா?”

“ஒன் மாமனாரு டீ குடிக்கப் போற நேரம் மலருக்குத் தெரியும். அடிச்சா இப்பத்தான் அடிப்பா.” வேலாயி ரிசீவர் மேல் கையை வைத்துக்கொண்டாள். “நீ லைன அடைச்சு வெச்சிருந்தா எம்மவ எப்படிடி எங்கிட்டப் பேசுவா?”

மோகனா திரும்பிக்கொண்டாள். ஜன்னல் வழியே கொட்டகையைப் பார்த்தாள். மாமியாரின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

“இந்த நம்பருக்கு அவ இனிமே அடிக்க மாட்டா, அத்தை. மாமா ஏசின அன்னிக்கே சத்தியம் பண்ணிட்டா.”

“அது ஒனக்கு எப்படித் தெரியும்?”

“மாமா மோட்டார் கிளம்புற நேரத்துக்கு, பினாங்குல ஒரு கம்ப்யூட்டர் முன்னால வந்து உக்காந்து, அம்மா எப்படி இருக்காங்கன்னு எனக்கு எழுதிக் கேக்குறா.”

வேலாயியின் கை இன்னும் ரிசீவர் மேலேயே இருந்தது. மோகனா அதை மெல்ல எடுத்துவிட்டாள்.

“தெனம் நீங்க கட் பண்ணது அவளத்தான், அத்தை.”