சென்றாயனின் பி.எஃப்.

“பி.எஃப். மொத்தத்தையும் எடுத்துக் குடு கண்ணு. வரி கிரி புடிப்பாங்களா?”

சென்றாயன் கேட்டதும் கோகிலவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலைமேல் செம்மேட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவள் அவள். அவர் அடிவாரத்து நூல் மில்லில் பத்து வருடம் வாட்ச்மேனாக இருந்து, இரண்டு மாதத்துக்கு முன்பு வேலையை விட்டவர்.

“அஞ்சு வருச சர்வீஸ் தாண்டிட்டா வரி இல்லீங்க. ஆனா, வயசான காலத்துக்கு வேணாமுங்களா? வைத்தியம், ஊடு கட்டறதுன்னு காரணம் போட்டிருந்தா, வேலையை விடாமயே கொஞ்சம் எடுத்திருக்கலாமே?”

“எங்காரணம் அதுல எதுலயும் சேராது. பொய் எழுத மனசில்ல கண்ணு.”

காரணம் இன்னதென்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அவர் மகன் கார்த்தி குடித்துவிட்டு அடித்ததில், மருமகள் கவிதா கை ஒடிந்து அப்பா வீட்டில் கிடக்கிறாள். அவளைக் கழற்றிவிட்டு மகனுக்கு வேறு பெண் கட்டத்தான் இந்தப் பணமாம்.

கோகிலவாணி கேட்டேவிட்டாள். “மகனுக்கு ரெண்டாங் கல்யாணமுங்களா?”

“ஓ.டி.பி. வந்துருச்சு, பாரு” என்று போனை நீட்டினார் அவர்.

அடுத்த மாதம் ஊர்க்கூட்டம். பிரிந்து போக வேண்டுமென்று கவிதா கேட்டிருந்தாள். பிரிவைப் பெண்ணே கேட்டால், மாப்பிள்ளை வீடு கொடுத்த பரியத்தையும் கல்யாணச் செலவையும் பெண் வீடு திருப்பித் தர வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். தராதவரை அவள் கார்த்தியின் பெண்டாட்டிதான்.

கவிதாவின் அப்பா கருப்பண்ணனுக்கு இருப்பது துண்டு மரவள்ளிக் காடு. அவர் எங்கே தரப்போகிறார் என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். அவரோ மடியிலிருந்து பணத்தை எடுத்துத் தட்டில் வைத்தார்.

ஊர்க்கவுண்டர் அதைக் கார்த்தியிடம் கொடுத்தார். “இன்னியோட தீந்துது.”

கார்த்தி எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் திணித்தான். சென்றாயன் தலை நிமிரவே இல்லை.

“பி.எஃப். ஒரு பக்கம், பரியம் ஒரு பக்கம். அப்பனும் மகனும் நல்லா இருக்கட்டும்!” என்று அவர் காதில் விழும்படியே சொன்னாள் கோகிலவாணி. அவர் எழுந்து நடந்தார்.

அவள் கவிதாவிடம் போனாள். “எப்படியோ உங்கப்பா புரட்டிட்டாரே கண்ணு!”

கவிதாவின் கண் நிறைந்திருந்தது. போகிற சென்றாயனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மெதுவாப் பேசுங்கக்கா. தெரிஞ்சா இந்தத் தீர்ப்பே செல்லாது... எங்கப்பா தட்டுல வெச்சது, மாமாவோட பி.எஃப். பணம்.”