பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு

"புள்ளகுட்டி இல்லாதவங்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல எதுக்குங்க ஊடு? ஒரே இரைச்சலா இருக்குமுங்க," என்றார் ராசிபுரத்து வீட்டுக்காரர்.

"அந்த இரைச்சலுக்குத்தானுங்க வந்தோம்," என்றாள் கணவனோடு குடிவந்த உண்ணாமலை.

மணியடித்ததும் பிள்ளைகள் தண்ணீர் கேட்டு வருவார்கள். எல்லோருக்கும் தண்ணீர் கிடைக்கும். ஒரு சிறுமிக்கு மட்டும் மோர்.

ஒருநாள் அந்தச் சிறுமி கேட்டாள். "உங்களுக்குப் புள்ளையே பொறக்கலீங்களா?"

"பொறந்துச்சு சாமி. மூணு தங்கல. நாலாவதாவது பொழைக்கட்டும்னு, ஒரு மொறம் தவிட்டுக்கு இன்னொருத்திக்கு வித்துப்போட்டேன்."

"அது பொழச்சுதுங்களா?"

"பொழச்சுது. ஆனா நாந்தான் ஆத்தான்னு அதுகிட்ட மூச்சுவிட்டா, அதுக்கு ஆகாதாம்."

உண்ணாமலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

மோர்ச் சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு, அந்தச் சிறுமி தவிட்டம்மாள் படியிறங்கிப் போனாள்.