ரேஷன் கோதுமை ரொட்டி

இதை எனக்கு முதலில் சொன்னவள் ஜஸ்லீன். போன வைசாகித் திருவிழாவுக்கு, குருத்வாராவில் நாங்கள் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது.

அவள் முழுகாமல் இருந்தபோது நடந்தது. புருஷன் வெளியூரில் லாரி ஓட்டுகிறான். மாமியார் ஸ்வரண் கௌர், எல்லாருக்கும் பீஜி, தினமும் இரண்டு மாவு பிசைவாள். சொந்த வயல் கோதுமை தனக்கு. ரேஷன் கோதுமை மருமகளுக்கு.

"வயல் வெச்சிருக்கற வீட்டுல பிள்ளத்தாச்சிக்கு ரேஷன் ரொட்டியா?" என்று பக்கத்து வீட்டு பந்தோ மூட்டிவிடுவாள். "உங்க பீஜிக்கு நாக்கு நீளம்டி."

ஜஸ்லீன் பிறந்த வீட்டுக்குப் போகத் துணியைக் கட்டி வைத்துவிட்டாள்.

அந்தச் சமயம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து வீடு வீடாகச் சிறுநீர் வாங்கிப் போனார்கள். சாப்பாட்டில் உள்ள செலினியத்தை உடம்பு ஒரு சர்க்கரையோடு சேர்த்துக் கட்டி வெளியே தள்ளுமாம். அதை அளந்தால் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று தெரியுமாம்.

"செலினியம் சத்தாம்டி. முடிவு வரட்டும், உன்னை எப்படி வெச்சிருக்காங்கன்னு ஊரே பாக்கும்" என்றாள் பந்தோ. ஜஸ்லீனும் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

முடிவோடு ஒரு மேடம் வந்தார்.

"ஜஸ்லீன், உங்களுக்குக் குறைவாத்தான் இருக்கு."

"நான் சொல்லல? பீஜிக்கு?" என்றாள் பந்தோ.

"இந்தத் தெருவுலயே அவங்களுக்குத்தான் அதிகம்."

"இருக்காதா பின்ன. சத்தெல்லாம் ஒருத்திக்கே."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்சமா இருந்தாத்தாங்க சத்து. இந்த மண்ணுல மிதமிஞ்சிக் கிடக்கு. இங்க விளையற கோதுமையில ஏறிடுது; வெளியூர்லேர்ந்து வர்ற ரேஷன் கோதுமையில அவ்வளவு இல்ல. முடி கொட்டும், நகம் கழண்டுரும். ஜஸ்லீனுக்கு இருக்கறதுதான் சரியான அளவு."

பந்தோ எழுந்து தன் வீட்டுக்குப் போனாள்.

மாமியாரின் நகமில்லாத விரல்களை ஜஸ்லீன் தினமும் பார்த்தவள்தான். வயசு என்று நினைத்திருந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, பீஜி?" என்று மாமியாரிடம் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும். அம்மா வீட்டுக்குப் போனா முடி வளரும். இங்க வந்து நம்ம ரொட்டி தின்னா கொட்டும். அவ்வளவுதான்."

"நீங்களும் ரேஷன் ரொட்டியே தின்னிருக்கலாமே?"

"கார்டுல வர்றது ஒரு வயித்துக்குத்தான் காணும்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பயந்துக்கிட்டே தின்னுவே, பிள்ளைக்கு ஒட்டாது. என்னைத் திட்டிக்கிட்டே தின்னா ஒட்டும்."

வாஹேகுரு அந்தக் கைகளைக் காக்கட்டும்.

இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது, உங்களுக்குப் பரிமாறுகிறவளின் தட்டையும் ஒரு தடவை பாருங்கள்.